அஞ்சே கால் வண்டி

எங்கள் சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர்.
கூட்டத்துக்கு வருவது ஐந்து.
கடலூர் முதுநகரில் என் ஜெராக்ஸ் கடைதான் அலுவலகம்;
ஷட்டரைப் பாதி இறக்கினால்
கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

போன பங்குனியில் கேள்வித்தாள் ஒன்று தயாரித்தோம்,
ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் திருப்பிக் கேட்க.
பதினோரு கேள்விகள்.
ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை யார், எப்போது சோதித்தார்கள்,
ராத்திரி ரெண்டு மணிக்கு மூக்கை எரிக்கும் வாடைக்கு
எந்த நம்பருக்குப் போன் போடுவது,
வடிகாலுக்கு ஒதுக்கிய பணம்
எந்தத் தெருமுனையோடு நின்றுபோனது, இப்படி.
கருவூலத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற மரியசூசை
ஒவ்வொரு வரிக்கும் கீழே அரசாணை எண் போட்டார்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
முந்நூறு பிரதி. தாள் சங்கச் செலவு, மை என் கணக்கு.

சோனங்குப்பத்தில், வலைக்கூடத்து நிழலில்,
அட்டைப்பெட்டியில் செய்த வாக்கு இயந்திரத்தை வைத்தோம்.
பொத்தானுக்குச் சட்டைப் பித்தான்.
'பீப்' சத்தத்துக்குத் தஸ்லிமாவின் வாய்.
நிஜச் சின்னம் வேண்டாமென்று
நண்டும் கத்தரிக்காயும் வெங்காய வடையும் வரைந்திருந்தோம்.
நண்டுக்கு அமோக வெற்றி.
"யார் என்ன குடுத்தாலும் அந்த மறைப்புக்குள்ள
நீங்க மட்டும்தான்" என்று தஸ்லிமா சொன்னபோது
சிலர் சிரித்தார்கள்.
சிலர் மணலைப் பார்த்தார்கள்.

அப்புறம் நான் கேள்வித்தாளை வாசித்தேன்.
ஏழாவதில் இருக்கும்போது அஞ்சலாட்சி
ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டாள்:
"பஸ்ஸு எத்தினியாவதுல வருது?"

எந்த பஸ்?

"நெல்லிக்குப்பம் போற அஞ்சே காலு வண்டி.
எங்களுக்கு டிக்கெட்டு கிடையாதுதான்,
நின்னாத்தான ஏறறது?
கூடையப் பாத்தா இருபதடி தள்ளி நிறுத்துவான்.
முப்பது கிலோவத் தூக்கிக்கினு ஓடணும்,
ஓடறதுக்குள்ள விசிலு.
நாத்தமாம்.
மத்தியானம் அதத்தான திங்கிறான்."

மரியசூசை கண்ணாடியைக் கழற்றினார்.
இதற்கு அரசாணை எண் அவரிடம் இல்லை.

ஆறு வருஷமாகத் தெருத்தெருவாக அலைகிறோம்.
அந்த நிறுத்தத்துக்கு எதிரில்தான்
தினமும் நான் டீ குடிக்கிறேன்.
ஆறு மணிக்கு.

அன்று ராத்திரி முந்நூறு தாளிலும்
பன்னிரண்டாவதைக் கையால் எழுதினோம்.
மறுபடி அச்சடிக்கக் காசில்லை என்பதும் ஒரு காரணம்.
நூறைத் தாண்டியதும் என் எழுத்து கோணிக்கொண்டது.
தஸ்லிமாவின் மகன் எழுதியவற்றில்
'பஸ்'ஸுக்குப் புள்ளியே கிடையாது.

வேட்பாளர்களுக்கு ஆறு நாற்காலி, வாடகைக்கு.
ஒருவர் வந்தார்.
பதினொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்,
சரளமாக, நடுவில் தண்ணீர் குடிக்காமல்.
பன்னிரண்டில்
பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.
அவர் இன்னொருவரைப் பார்த்தார்.
"அது டெப்போ விஷயம்மா."
பின்வரிசையிலிருந்து அஞ்சலாட்சி கேட்டாள்:
"செரி, எந்த டெப்போ?"
மைக் மட்டும் கரகரத்தது.

வாக்குப்பதிவுக்கு மறுநாள், அஞ்சே காலுக்கு,
முதல்முறையாக அங்கே போய் நின்றேன்.
கையில் நோட்டு. இன்னும் விடியவில்லை.
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் பதினாலு கூடை.
விளக்கு வந்தது.
அஞ்சலாட்சி கை நீட்டினாள், விரலில் மை காயாத கறுப்பு.
வண்டி எங்களைக் கடந்துபோய் நின்றது.
ஓடினார்கள்.
ஒன்பது கூடை ஏறியது.

விசில் ஊதியபின்
இறக்கிவைத்த கூடைக்குப் பக்கத்தில் குந்தி,
மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள்.
"இருபதுன்னு குத்துமதிப்பாத்தான் சொன்னேன்.
அளந்து எழுது."

குதிகாலோடு கட்டைவிரல் ஒட்ட
அடிமேல் அடிவைத்து அளந்தேன்.
முப்பத்திநாலு.